இரண்டு பழைய கப்பலும் ஒரு முழங்காலும்

கேள்வி: பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 62. கணவருக்கு 67, சர்க்கரை இருக்கிறது, இடது முழங்காலில் தேய்மானம். ஏப்ரலில் அமெரிக்காவுக்கு, ஃப்ளோரிடாவின் டாம்பாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். எங்கள் 40-ஆவது திருமண நாளுக்காக 4 ராத்திரி கப்பல் பயணம் கூட்டிப் போவதாகச் சொல்கிறார்கள். மகள் 'கார்னிவல் பாரடைஸ்' என்கிறாள். மருமகன் ராயல் கரீபியன் கம்பெனியின் 'கிராண்டியர் ஆஃப் தி சீஸ்' என்கிறார். இரண்டும் மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குப் போய்த் திரும்புகிறவை, கட்டணமும் ஏறக்குறைய ஒன்றுதான். 7 வயதுப் பேரனோடு ஐந்து பேர், இரண்டு அறை. இரண்டுமே 25 வருஷத்துக்கு மேல் ஓடிய கப்பல்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, "காயலான் கடைக்குப் போக வேண்டியதில் நம்மை ஏற்றுகிறார்களா?" என்று கணவர் கேட்டபடியே இருக்கிறார். எதில் போகலாம்?

பதில்:

டீச்சருக்கு வணக்கம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் டிராவல்ஸ் வைப்பதற்கு முன்னால் எட்டு வருஷம் சொகுசுக் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன் நான். அதாவது அறை துடைத்து, படுக்கை விரித்து, துண்டை யானை மாதிரி மடித்து வைக்கிற ஆள். அதனால் கப்பலின் மினுக்கைவிட அதன் அறைகளும் குழாய்களும்தான் எனக்கு அதிகம் பழக்கம். என் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாரடைஸ் 1998-இல் கட்டியது, கிராண்டியர் 1996. இரண்டும் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், ஒரே கட்டுமானத் தளத்தில் இரண்டு வருஷ இடைவெளியில் பிறந்தவை. பாரடைஸோடு சேர்த்து கார்னிவல் கம்பெனிக்கு அந்த வகையில் எட்டுக் கப்பல்கள். கொரோனாவுக்குப் பிறகு 2020-லிருந்து 2022-க்குள் அதில் ஆறு கப்பல்கள் கார்னிவலை விட்டுப் போய் உடைக்கும் தளத்தில் முடிந்தன. பெரும்பாலானவை போன இடம் துருக்கியின் அலியாகா, நம் குஜராத்தின் அலங் மாதிரி. மிச்சம் இருப்பவை எலேஷனும் பாரடைஸும்தான். ஆக, சார் சொல்வது போல அக்காமார்களில் ஆறு பேர் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைக்குட்டி இன்னும் உழைக்கிறாள்.

ஆனால் வயதானதாலேயே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பயணிகள் கப்பலுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. ஐந்து வருஷத்தில் இரண்டு முறையாவது கப்பலின் அடிப்பகுதியைச் சோதித்தாக வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றுவதால் அந்த நாட்டுக் கடலோரக் காவல் படையும் ஏறிப் பார்க்கும். 2010-இல் சர்வதேச விதி இறுகியபோது, எரியக்கூடிய பொருள்களால் கட்டிய பல பழைய கப்பல்கள் வேலையை விட்டுப் போயின. இந்த இரண்டும் அந்தச் சல்லடையில் நின்றவை. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2010 ஜூலைக்குப் பிறகு கட்டுகிற பெரிய பயணிகள் கப்பல்களுக்கு, ஓரளவு தீயோ வெள்ளமோ வந்தாலும் சொந்த பலத்தில் துறைமுகம் சேரும் ஏற்பாடு கட்டாயம். பழைய கப்பல்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நான் என் அம்மாவை இவற்றில் ஏற்றி அனுப்புவேனா என்று கேட்டால், அனுப்புவேன்.

கப்பலுக்கு வயது ஏறினால் தொந்தரவு கொடுப்பது குழாயும் ஏசியும்தான். நான் முதலில் வேலை பார்த்த கப்பல் (பெயர் வேண்டாம்) அப்போதே இருபது வயதைத் தாண்டியது. காலையில் குழாயைத் திறந்தால் கொஞ்ச நேரம் டீத்தண்ணீர் நிறத்தில் வரும். கழிப்பறை விமானத்தில் இருப்பது போல உறிஞ்சும் வகை. யாராவது ஒருத்தர் ஈரத்துணித் தாளைப் போட்டு அடைத்துவிட்டால் அந்த வரிசையில் பல அறைக்கு வேலை செய்யாது, எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த மாதிரி சின்ன எரிச்சல் இரண்டிலும் வரலாம். சுத்தம் எப்படி என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கப்பல்களைச் சோதித்து 100-க்கு மதிப்பெண் போட்டு இணையத்தில் வெளியிடுகிறது. 86-க்குக் கீழே என்றால் ஃபெயில். டிக்கெட் போடும் முன் இரண்டு கப்பலின் கடைசி இரண்டு மூன்று மதிப்பெண்களையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்தியவர் நீங்கள், எதற்கு எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்று படித்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

அமெரிக்காவில் புதுக் கப்பலுக்கா பஞ்சம், டாம்பாவில் மட்டும் ஏன் கிழட்டுக் கப்பலாக நிறுத்துகிறார்கள் என்று தோன்றும். காரணம் ஒரு பாலம். டாம்பா துறைமுகம் கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஒரு விரிகுடாவின் கடைக்கோடியில் இருக்கிறது. வெளியே போக ஒரே வழி சன்ஷைன் ஸ்கைவே என்ற பாலத்துக்கு அடியில் நுழைவதுதான். தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவில் சுமார் 55 மீட்டர்தான் இடைவெளி. அங்கே முன்பு இருந்த இரட்டைப் பாலத்தில் ஒன்றை, 1980 மே 9 அன்று காற்றுமழையில் வழி தெரியாமல் வந்த ஒரு சரக்குக் கப்பல் மோதிச் சாய்த்து 35 பேர் இறந்தார்கள். இப்போதைய பாலம் 1987-இல் திறந்தது. அதைக் கட்டிய காலத்தில் அந்த உயரம் தாராளம். பிறகு கப்பல்கள் வளர்ந்துவிட்டன, பாலம் வளரவில்லை. மியாமியில் 2024-லிருந்து ஓடும் ஐகான் ஆஃப் தி சீஸ் கொள்ளளவில் 2,48,000 டன்னுக்கு மேல். உங்கள் பாரடைஸ் 70,367, கிராண்டியர் 73,817. (இந்த டன் எடை இல்லை, கப்பலுக்கு உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. எங்களில் பாதிப் பேருக்கே இது தெரியாது.) ஆக, மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த வயதுக் கப்பல்தான் கிடைக்கும். அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஐகான் 365 மீட்டர் நீளம், பாரடைஸ் சுமார் 260. வலிக்கிற முழங்காலுக்கு அந்த நூறு மீட்டர் ரொம்பப் பெரிய விஷயம்.

சரி, எது?

நீங்கள் இரண்டு பேர் மட்டும் போவதாக இருந்தால் யோசிக்காமல் கிராண்டியர் என்றிருப்பேன். அது கொஞ்சம் அமைதியான கப்பல். பக்கவாட்டில் நிறையக் கண்ணாடி, உள்ளே உட்கார்ந்தபடியே கடல் தெரியும். பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு நீச்சல் குளம் உண்டு, மழை வந்தால் அதற்கு மேல் கண்ணாடிக் கூரை மூடிக்கொள்ளும். மருமகன் ரசனை தப்பில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் போவது ஐந்து பேர், ஒரு அறையில் மூன்று பேர், இன்னொன்றில் முழங்கால் வலிக்காரர். அதனால் என் ஓட்டு பாரடைஸுக்கு. காரணம் அறை. கிராண்டியரில் உள்பக்கத்துச் சாதாரண அறை சுமார் 140 சதுர அடி. பாரடைஸில் 185. காகிதத்தில் 45 அடி சின்னதாகத் தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நடப்பதா, நேராக நடப்பதா என்பதை அந்த 45 அடிதான் தீர்மானிக்கிறது. சர்க்கரை இருக்கிறவர் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார். இருட்டில், ஆடுகிற தரையில், பெட்டி மேல் தடுக்காமல் குளியலறைக்குப் போய் வரவேண்டும். வயதானவர்கள் கப்பலில் விழுந்ததை நான் பார்த்த வரையில், பெரும்பாலும் விழுவது இந்தக் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில்தான், மேல்தளத்தில் இல்லை.

இன்னொரு காரணம் அதிர்வு. எலேஷனும் பாரடைஸும் அந்த எட்டில் கடைசியாக வந்தவை. முதல் ஆறில் இல்லாத ஒரு ஏற்பாடு இவற்றில் உண்டு. மோட்டாரும் விசிறியும் சேர்ந்த ஒரு கூடு கப்பலின் அடியில் தொங்கும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். அசிபாட் என்பார்கள். பயணிகள் கப்பலில் இதை முதலில் பொருத்தியது 1998-இல் எலேஷனில்தான். நீண்ட தண்டு சுழலும் பழைய முறையில் பின்பக்க அறைகளில் ஒரு உறுமல் இருந்துகொண்டே இருக்கும். கிராண்டியர் அந்தப் பழைய முறை. நடுக்கப்பலில் அறை எடுத்தால் அதிலும் பெரிதாகத் தெரியாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

பேரனுக்குப் பாரடைஸில் சறுக்குத் தண்ணீர்க் குழாய்கள் உண்டு. அவன் விஷயம் அத்தோடு முடிந்தது.

பாரடைஸின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கூச்சல். நாலு ராத்திரிப் பயணத்துக்கு வருகிறவர்களில் கொண்டாட்டக் கூட்டம் அதிகம், அதுவும் வார இறுதியைத் தொட்டுப் போகிற பயணத்தில். மார்ச்சில் கல்லூரி விடுமுறை, பிறகு ஈஸ்டர். ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தேதி எடுங்கள். ஏப்ரல் கடைசியில் கடலும் நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து காற்று இறங்கினால் அந்தக் கடல் ஆட்டிப் படைத்துவிடும், ஜூன் 1 முதல் நவம்பர் கடைசி வரை புயல் காலம். மாங்காய் சீசனுக்கு ஊர் திரும்ப வேண்டும் என்றாலும் இந்தத் தேதி ஒத்துவரும்.

இன்னொரு குறை சாப்பாட்டுக் கூடம். அந்த வகைக் கப்பலில் இரண்டு சாப்பாட்டுக் கூடங்களுக்கு நடுவே சமையலறை குறுக்கே நிற்கும். அதனால் பின்பக்கக் கூடத்துக்கு அதே தளத்தில் நடந்து போக முடியாது. வேறு தளத்துக்குப் போய், பின்னால் நடந்து, அங்கே இறங்க வேண்டும். முதல் நாள் படியில் ஏறி இறங்கி நொந்துபோகாமல், பின்பக்க லிஃப்ட் எங்கே என்று ஏறியவுடனே மகள் பார்த்து வைக்கட்டும். முடிந்தால் முன்பக்கக் கூடத்தில் இடம் கேட்கலாம்.

கப்பலைவிட அறையைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலை. மகள் அவசரத்தில் மலிவான அறையை அழுத்திவிடப் போகிறாள், இதைப் படித்துக் காட்டுங்கள். பாரடைஸில் ரொம்ப மலிவாக ஒரு உள்ளறை வகை வரும், 1ஏ என்று இருக்கும். அது ரயில் பெர்த் மாதிரி கீழே ஒன்று, மேலே ஒன்று. நாற்பதாவது கல்யாண நாளுக்கு யாரும் யாரையும் மேல் பெர்த்துக்கு ஏற்ற வேண்டாம். 'கேரண்டி' என்று போட்டு விலை குறைத்துக் கொடுப்பதும் வேண்டாம், அதில் எந்த அறை என்பது கம்பெனியின் இஷ்டம். தள வரைபடத்தைத் திறந்து, மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் இருக்கிற தளமாகப் பாருங்கள். பாரடைஸில் 6-ஆவது தளம், அப்பர் என்று பெயர், அதன் நடுப்பகுதி. தலைக்கு மேல் நாற்காலி இழுக்கிற சத்தம் இருக்காது, கப்பல் ஆடினாலும் அங்கே குறைவாகத்தான் ஆடும். லிஃப்டுக்குப் பக்கம், ஆனால் ஒட்டினாற்போல வேண்டாம். காசு கொஞ்சம் கூடினாலும் உங்கள் அறைக்கு மட்டும் ஜன்னல் வாங்கிக்கொள்ளுங்கள். மகள் குடும்பம் எதிர் வரிசை உள்ளறையில் இருக்கட்டும், அவர்கள் தூங்க மட்டும்தானே வருவார்கள்.

சாருக்கு பஸ்ஸில் ஏற்காடு ஏறும்போது எலுமிச்சம்பழம் தேவைப்படுமா? எழுதவில்லை நீங்கள். தேவைப்படும் என்றால் மெக்லிசின் என்ற மாத்திரை அமெரிக்க மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். ஆனால் புராஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்தமோ இருந்தால் கிளம்பும் முன்பே இங்கே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒகேனக்கல் பரிசலில் சிரித்துக்கொண்டே போகிறவர் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேர ராத்திரிகூட ஆகும். ஒரு முறை என் வரிசை அறையில் வயதான ஒருவர் இன்சுலினைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நடைபாதையில் நின்றார். நூற்றுக்கணக்கான கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் அதைத் தேடி எடுத்தபோது ராத்திரி ஒன்பதரை. மாத்திரை, ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, பாஸ்போர்ட் எல்லாம் தோள்பையில். இன்சுலின் உண்டு என்றால் மருந்துக்கான சின்ன ஃபிரிட்ஜ் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கோசுமெல் உங்களுக்கு வசதியான இடம். கப்பல் மேடையை ஒட்டி நிற்கும், பலகை வழியே நடந்து இறங்கலாம். கிராண்ட் கேமன் போன்ற இடத்தில் கப்பல் கடலிலேயே நிற்க, ஆடுகிற படகில் கால் மாற்றி ஏறிக் கரைக்குப் போக வேண்டும். ஐந்து ராத்திரிப் பயணத்தில் அந்தத் தீவும் சேரும், இன்னும் கொஞ்சம் காசுதான் என்று யாராவது ஆசை காட்டினால் முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு ராத்திரியில் ஒரு முழுப்பகல் போகும்போது கடலில், ஒரு முழுப்பகல் திரும்பும்போது கடலில். அதாவது கரையில் இருப்பது ஒரே ஒரு நாள். அதனால்தான் அறைக்கு இத்தனை வரி எழுதினேன்.

விசா: உங்கள் இருவருக்கும் பலமுறை நுழையலாம் என்கிற அமெரிக்க விசா நடப்பில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கவனிக்க வேண்டியது மகளும் மருமகனும். வேலை விசாவில் இருப்பவர்கள் பலர் அனுமதிக் கடிதத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு, பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை காலாவதியானதைக் கவனிப்பதில்லை. அப்படி இருந்தால் வக்கீலைக் கேட்காமல் கப்பல் ஏற வேண்டாம். அவர்களும் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். அப்புறம், இங்கேயிருந்து எடுத்துப் போகும் பயணக் காப்பீடு கப்பலுக்கும் மெக்சிகோவுக்கும் செல்லுமா என்று பாருங்கள். கப்பல் டாக்டர் பில் டாலரில் வரும்.

செலவில் டிக்கெட் விலையோடு நிற்காது. பணியாளர்களுக்கான டிப்ஸ் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டாலருக்குக் குறையாமல் கணக்கில் ஏறும், குழந்தைக்கும் உண்டு. அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள், அந்தப் பணத்தில்தான் என் தங்கை கல்யாணம் நடந்தது. இணையத்துக்குத் தனிக் காசு. கிளம்பியதும் எல்லார் போனையும் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கப்பலின் சொந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டு, பென்னாகரத்துக்கு ஒரு 'வந்து சேர்ந்தோம்' சொன்னதற்கு மகளுக்குப் பெரிய பில் வரும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வையாளரிடம் இந்திய சைவம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் மறுநாள் முதல் செய்து தருவார்கள். இரண்டு கம்பெனியிலும் இது உண்டு. பருப்பு, சப்பாத்தி, ஒரு கூட்டு வரும், வடக்கத்தி ருசி. ராகிக் களி எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளைச் சோறும் கெட்டித் தயிரும் கேட்டு வாங்கி, நீங்களே பிசைந்துகொள்ளலாம். வீட்டில் செய்த பலகாரம், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் பரவாயில்லை, அதையும் கோசுமெலில் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கம்பெனிகள் கப்பல்களைத் துறைமுகம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் பணம் கட்டுகிற அன்று, அந்தத் தேதிக்கு டாம்பாவில் நிற்பது எது என்று ஒருமுறை பாருங்கள். பாரடைஸ் கிடைக்காமல் கிராண்டியர்தான் என்றால் வருத்தப்பட வேண்டாம். ஜன்னல் உள்ள அறை, நடுக்கப்பல், சாருக்கு ஒரு சின்ன டார்ச் லைட்.

கிளம்பி இரண்டு மணி நேரம் போல ஆனதும் அந்தப் பாலம் வரும். ஒரு கால்மணி முன்னாலேயே லிஃப்டில் மேல்தளத்துக்குப் போய், புகைபோக்கி தெரிகிற மாதிரி சாருக்கு ஒரு நாற்காலி பிடித்துவிடுங்கள். கார்னிவல் கப்பலின் புகைபோக்கி சிவப்பாக, இரண்டு பக்கமும் மீன்வால் மாதிரி விரிந்திருக்கும். கிட்டே போகப் போக, கட்டாயம் இடிக்கப் போகிறது என்றுதான் தோன்றும். எட்டு வருஷம் அதே வேலையாக இருந்த நானே ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்திருக்கிறேன். பேரனிடம் போனைக் கொடுத்து, பாலத்தைப் படம் பிடிக்காமல் தாத்தாவைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள்.